லாரிக்கு உடம்பு தேறிய கதை

என் தம்பி பொன்சியானோவை மசாக்கா ஊர் நியெண்டோ சந்தையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லாரி என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டக்காரர்கள் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் மட்டோக்கே வாழைக்குலைகளை இறக்கி, தலைநகர் கம்பாலாவுக்குப் போகும் வண்டிகளில் ஏற்றுவது அவன் வேலை. மற்ற சுமைதூக்கிகள் ஒரு குலைக்கே முக்கி முனகுவார்கள். இவனுக்குத் தலையில் ஒன்று, தோளில் ஒன்று, வாயில் ஒரு பாட்டு. வாழைக்கறை ஏறி ஏறி உள்ளங்கை இரண்டும் அடுப்புச் சட்டியின் அடிபோலக் கறுத்திருக்கும்.

அந்தச் சந்தையின் ஓரத்தில் சோற்றுக்கடை வைத்திருக்கிறவள் நான். ரெஸ்டி அக்கா என்றால் யாரும் வழி காட்டுவார்கள். எனக்கு வாய் நீளம் என்பார்கள். சுமைதூக்கிகளுக்குச் சோறு போடுகிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் சட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களிலும் என் தம்பிதான் மகா சாப்பாட்டுராமன். தட்டு காலியாவதற்கு முன்பே நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் அக்கா" என்பான். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாள் கரண்டியால் அவன் மண்டையில் தட்டியிருப்பேன். பிறகு அதே வார்த்தைக்காகத் தவம் கிடந்தேன்.

போன வருடம் அவன் புரோஸ்கோவியா என்கிற தையல்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். எங்களில் பெண் கேட்க நேராக அப்பனிடம் போக முடியாது. பெண்ணின் அத்தை, அப்பாவோடு பிறந்தவள், அவளைச் செங்கா என்போம். முதலில் அவள் வீட்டில்தான் போய் உட்கார வேண்டும். புரோஸியின் செங்கா பெயர் யூஃப்ரேசியா. குள்ளமாக, வெடுக்கென்று பேசுகிற கிழவி. என் தம்பியைச் சுற்றி ஒரு நடை நடந்து, புஜத்தை அழுத்திப் பார்த்தாள்.

"இவன் கட்டில்ல உக்காந்தா கட்டில் தாங்குமாடி?" என்று அண்ணன் மகளிடம் கேட்டாள். புரோஸி வெட்கத்தில் சமையலறைக்குள் ஓடினாள். எனக்கு அன்றே அவர்கள் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

அடுத்த படி க்வஞ்சுலா. மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாகப் பெண் வீட்டுக்குப் போய் அறிமுகமாகும் விழா. ஆண்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி வெள்ளை அங்கி, மேலே கோட்டு. மாப்பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள் ஒருவனாக உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு பக்கமும் பேச ஆள் உண்டு. செங்காதான் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, "இவன்தான் என் ஆள்" என்று அடையாளம் காட்டி அவன் மார்பில் பூ குத்துவாள். அவள் குத்தினால் மாப்பிள்ளை. குத்தாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். குத்தாமல் போன கதை எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் என் தம்பி விஷயத்தில் அப்படி நடந்துவிடுமோ என்று பல வாரம் நான் தூங்கவில்லை.

ஏனென்றால் நாள் குறித்த பிறகு அவனுக்கு டைபாய்டு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு குலை தூக்கினான். ஒரு நாள் வண்டிக்குக் கீழே சுருண்டு விழுந்தான். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, வயிற்றைக் கிழித்துத் தைக்க வேண்டும் என்றார்கள். தைத்தார்கள். பிழைத்தான். கிறிஸ்துமஸ் கழித்து நான் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவன் சட்டைக்குள் வேறு யாரோ இருந்தார்கள். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். இடுப்பில் கயிறு கட்டித்தான் காற்சட்டை நின்றது. க்வஞ்சுலாவை ஈஸ்டருக்குப் பிறகு என்று தள்ளி வைத்தோம்.

எங்கள் ஊரில் ஒருவரை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தால் முதலில் சொல்லும் வார்த்தை "ஒகெஸ்ஸே!" உடம்பு போட்டுட்டியே என்று அர்த்தம். அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. நோயில்லை, பட்டினியில்லை, வீட்டில் சண்டையில்லை, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கும். சொல்லத் தோதான உடம்பு இல்லை என்றாலும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள். என் தம்பியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. எதிரே வருகிறவர்கள் முதலில் அவன் கழுத்தைப் பார்ப்பார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். மசாக்கா பக்கத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற எந்த வீட்டிலும், தோட்டத்துக்குள் அந்த நோயில் போனவர்களின் கல்லறை ஒன்றாவது இருக்கும். எய்ட்ஸைத்தான் சிலீமு என்போம்; மெலிவு என்பதே அந்தச் சொல்லுக்கு அர்த்தம். இப்போது அதற்கு மாத்திரை இருக்கிறது, விழுங்கிக்கொண்டு திடமாக நடமாடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் மெலிந்தவனைக் கண்டால் எங்கள் கண் பழைய இடத்துக்கே போகும். அவனுக்கு இரண்டு முறை ரத்தம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. அதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா திரிய முடியும்?

ஒரு நாள் அவன் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வாழைத்தரகன் வாலுகெம்பே, உரிமையாகச் சிரிக்கிறவன், பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான்:

"என்னப்பா, லாரி சைக்கிளாயிடுச்சே!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பொன்சியானோவும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"உன் வாய்க்கு ஒரு பிரேக் போட்டா அந்தச் சைக்கிளாவது நிம்மதியா ஓடும்," என்றேன். "எந்திரி. உனக்குக் குழம்பு இல்ல."

"கோவிச்சுக்காத அக்கா, சும்மா சொன்னேன்."

"நானும் சும்மாதான் சொன்னேன். தட்டைக் குடு."

அன்று என் தம்பி தட்டில் வைத்ததில் பாதியைக்கூடச் சாப்பிடவில்லை. நேராக போசாவிடம் போய்விட்டான்.

போசா அவன் பள்ளிக்கூட நண்பன். சாலை முனையில் பழைய காப்பிக்கொட்டைக் கிடங்கில் உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறான். பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி, நடுவில் இரும்புக் கம்பி சொருகிய எடைகள். சட்டை பித்தானெல்லாம் எந்த நேரமும் தெறிக்கக் காத்திருக்கும் உடம்பு. நல்ல பையன், ஆனால் உலகத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து புரதப்பொடி என்று நம்புகிறவன். தொப்புள் கொடி அறுந்ததும் தாய்ப்பாலுக்குப் பதில் அதைக் கலக்கிக் கொடுக்கச் சொன்னாலும் சொல்லுவான்.

மறுநாள் ஒரு கறுப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு இருவரும் வந்தார்கள். குடம் அளவு டப்பா. மேலே தலையில்லாத ஓர் உடம்பின் படம். வயிற்றில் செங்கல் அடுக்கின மாதிரி சதை.

"தலை எங்கடா?" என்றேன்.

"தலை எதுக்கு அக்கா? சதையப் பாருங்க," என்றான் போசா. "பால்ல ரெண்டு கரண்டி. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஈஸ்டருக்குள்ள லாரி பழையபடி ஓடும்."

"சோறு?"

"சோறு வயித்த அடைக்கும் அக்கா. இதுல எல்லாம் இருக்கு. மெல்லவே வேணாம்."

"மெல்ல வேணாம்னா பல்லு எதுக்குடா குடுத்தான் கடவுள், உன்னாட்டம் இளிக்கவா?"

பொன்சியானோ குறுக்கே வந்தான். "அக்கா, எனக்குச் சோத்தப் பாத்தாலே நெஞ்ச அடைக்குது. இது கடகடன்னு இறங்கிடுது. விடேன்."

நான் விடுகிற ஜாதி இல்லை. அவன் காலையில் அந்தப் பாலைக் குடித்தால், நான் பகலில் அவன் முன்னே மட்டோக்கேயைக் குவித்தேன். வாழை இலையில் கட்டி வேகவைத்து, பிசைந்து, மஞ்சளாக, ஆவி பறக்க, மலைபோல. மேலே ஒரு கரண்டி குழம்பு. எங்களுக்குச் சாப்பாடு என்றால் அதுதானே. அவன் மலையின் ஓரத்தைச் சுரண்டிவிட்டு வைத்துவிடுவான். நான் கத்துவேன். அவன் டப்பாவைத் திறப்பான். அதன் வெனிலா வாசனை என் கடலைக்குழம்பு வாசனையை அடித்துக்கொண்டு போகும். அந்த வாசனைக்கே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

மருந்துக்கடை வாசலில் ஓர் எடைமேடை இருக்கிறது. அவன் தினம் அதில் போய் ஏறினான். முதல் வாரம் முள் கொஞ்சம் நகர்ந்தது. போசா என் கடைக்கு ஓடி வந்து, "பாத்தீங்களா!" என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே காட்டவில்லை. அடுத்த வாரம் வயிறு உப்பிக் கொண்டது. கொடகொடவென்று காற்று. அதற்கடுத்து வயிற்றால் போக ஆரம்பித்தது. போசா மூன்று கரண்டியாக்கச் சொன்னான். மூன்றாக்கினான். முள் போன வழியே திரும்பியது, ஆரம்பித்த இடத்துக்கும் கீழே இறங்கியது. மருந்துக்கடைக்காரர் சங்கடப்பட்டு எடைமேடையை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் புரோஸி வந்தாள். வழக்கமாகத் துணித்துண்டு ஒட்டிய கையோடு சிரித்துக்கொண்டே வருகிறவள், அன்று கடையின் பின்பக்கமாக வந்து நின்றாள்.

"அக்கா, செங்கா காதுக்குப் போயிடுச்சு."

"என்ன போச்சு?"

"அவருக்கு அதுதான்னு யாரோ சொல்லிட்டாங்க. எங்கப்பா விழாவே வேணாங்கறாரு. செங்காதான், 'நாள் குறிச்சது குறிச்சதுதான், வரட்டும், என் கண்ணால பாத்துக்கறேன்'னு சொல்லியிருக்காங்க. 'நான் பாத்த ஆள் அங்க இருந்தா பூ குத்துவேன். இல்லன்னா இல்ல'ன்னு."

"நீ என்ன சொல்றே?"

"எனக்கு அவர் எலும்பா இருந்தாலும் அவர்தான் அக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா செங்கா சொல்லுக்கு மேல எங்க வீட்ல சொல்லு இல்லையே."

அவள் போன பிறகு நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவன் வயிற்றைத் தைத்த ஆஸ்பத்திரிக்கே போனேன். போசாவும் டப்பாவோடு பின்னால் வந்தான். அங்கே உணவு ஆலோசனை சொல்கிற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். களைத்த முகம். நான் அவளிடம் டப்பாவைக் காட்டி, "இந்த விஷத்தக் குடிச்சுத்தான் இப்படி ஆயிட்டான், சொல்லுங்க," என்றேன்.

அவள் டப்பாவை முகர்ந்து பார்த்தாள். "விஷமில்ல. பால்லேர்ந்து எடுத்த பொடி. தைச்ச குடலு, இத்தன பாலையும் இத்தன பொடியையும் ஒண்ணாத் தாங்காது. அதோட இதக் குடிச்சா பசி செத்துடும். பசி செத்தா சாப்பாடு எப்படி இறங்கும்?"

நான் போசாவைப் பார்த்தேன், கேட்டுக்கொண்டாயா என்று. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன குடுக்கறீங்க?"

"மட்டோக்கே. தட்டு நிறைய."

"கூட?"

"குழம்பு."

"எவ்வளவு?"

ஒரு கரண்டி என்று கையால் காட்டினேன். போசா இருமினான்.

"மட்டோக்கே மலையா வெச்சா வயிறுதான் நிறையும், சதை வராது," என்றாள் நர்ஸ். "கடலை, பீன்ஸ், முட்டை, ஏரிக் குட்டிமீன் கருவாடு, அவகாடோ. கையளவு சாப்பாடு, ஆனா அடிக்கடி. காலி வயித்தோட விடாதீங்க. பொடி வேணும்னா கஞ்சில ஒரு கரண்டி கலக்குங்க, தப்பில்ல. அப்புறம் தம்பி, படுத்தே கிடந்தா சதை எங்கேர்ந்து வரும்? சின்னதா ஏதாவது தூக்கு. வலிச்சா நிறுத்து."

"ஈஸ்டருக்குள்ள பழையபடி ஆயிடுவேனா?" என்று கேட்டான் என் தம்பி. அவன் அங்கே பேசியது அது ஒன்றுதான்.

"ஆக மாட்டே," என்றாள் அவள். "வருஷம் திரும்பறதுக்குள்ள ஆகலாம்."

திரும்பி வரும்போது எனக்கு அந்த நர்ஸ் மேல் கோபம். ஒரு பக்கமாவது பேசியிருக்கலாம். இப்படி இரண்டு பேர் காதையும் திருகி அனுப்பினால் வீட்டில் யாரை யார் திட்டுவது?

ஆனால் சொன்னபடி செய்தோம். கடலையை வறுத்து இடித்துக் கெட்டியாகக் குழம்பு வைத்தேன். கருவாட்டை வறுத்துப் பொடித்து அதில் போட்டேன். கையளவு மட்டோக்கே, அதன் மேல் முங்கக் குழம்பு. இடையில் முட்டை, இடையில் அவகாடோ. காலைக் கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு கரண்டி வெனிலா நாற்றத்தை நானே மூக்கைத் திருப்பிக்கொண்டு கலக்கினேன். போசா தன் கூடத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, இருப்பதிலேயே சின்ன டப்பா எடையை அவன் கையில் கொடுத்தான். பெரிய எடைகளை அவன் கண்ணில் படாதபடி சாக்கால் மூடி வைத்தான் என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு அவனைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

கன்னத்துக் குழிவு மெல்லத் தூர்ந்தது. கயிறு போய் பெல்ட் வந்தது. பிஞ்சுக் குலைகளைத் தூக்க ஆரம்பித்தான். உள்ளங்கையில் கறை மறுபடி ஏறியது. எல்லாம் சரி. ஆனால் நாட்கள் ஓடின வேகத்துக்கு சதை வரவில்லை. வைத்ததைச் சாப்பிட்டான், மருந்து விழுங்குகிற மாதிரி, மணியைப் பார்த்து. ஒரு தடவைகூட "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கவில்லை. நான் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பேன். அவன் தட்டைத் தள்ளுவான்.

"அக்கா, செங்கா என்னைத் தாண்டிப் போயிட்டா நான் என்ன பண்ணட்டும்? வாயத் திறக்கவும் கூடாது," என்றான் ஒரு நாள்.

"தாண்ட மாட்டா."

"தாண்டிட்டா?"

தட்டை அவன் பக்கம் திரும்பத் தள்ளினேன். "சாப்பிடு," என்றேன்.

விழா நாள் காலையில் நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, அவனுக்கு எதுவுமே கொடுக்கவில்லை. வெள்ளை அங்கியில், பெண் வீட்டுக் கூட்டத்துக்கு நடுவில் வயிறு ஏதாவது வம்பு செய்துவிட்டால்? கஞ்சி கூட வேண்டாம் என்று சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். காலி வயிற்றோடு விடாதே என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டாவது, அங்கிக்குள்ளே இரண்டு கம்பளி ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டேன். மேலே கோட்டு. கண்ணாடியில் பார்த்தால் லாரி இல்லை. ஆனால் சைக்கிளும் இல்லை.

"வேகுது அக்கா."

"வேகட்டும். மூச்சக் காட்டாத."

கலுங்கு என்கிற ஊர்ப் பக்கத்தில் பெண் வீடு. வாசலிலேயே எங்களை வெயிலில் நிற்க வைத்தார்கள், அது வழக்கம். உள்ளே விட்டு, பந்தலில் உட்கார வைத்து, இரண்டு பக்கத்துப் பேச்சாளர்களும் ஒருவரையொருவர் கிண்டல் செய்து, பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து மண்டியிட்டு வணங்கி, பாட்டு, ஆட்டம். எல்லாருக்கும் குதூகலம். நான் எங்கள் பெண்கள் வரிசையில் இருந்து தம்பியின் கழுத்தில் ஓடும் வியர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் போசா, கோட்டு தெறிக்க. பின்னால் கொட்டகையிலிருந்து மட்டோக்கே வேகும் வாசனை காற்றில் வந்தது.

கடைசியில் செங்கா யூஃப்ரேசியா பூவோடு வந்தாள். வரிசையின் அந்த முனையிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்தாள். போசாவிடம் வந்தாள். அந்தத் தோளைப் பார்த்தாள். பூவைப் பிடித்த கை மேலே போனது.

போசாவின் முழி பிதுங்கியது. அவன் வாயையும் திறக்க முடியாமல் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

செங்கா மூக்கைச் சுருக்கினாள். "என் ஆள் மேல வாழைக்கறை வாசனை அடிக்கும். இவன் மேல பிஸ்கட் வாசனையால்ல அடிக்குது!"

பந்தல் சிரித்தது. அவள் அடுத்த அடி எடுத்து வைத்தாள். என் தம்பி முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான் பாத்த ஆள் இங்க இல்ல."

இதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாச் செங்காவும் இப்படிச் சொல்வதுதான். கொஞ்சம் பிகு செய்து, அன்பளிப்பு வாங்கிக்கொண்டு பிறகு காட்டுவார்கள். எங்கள் பேச்சாளர் குனிந்து வணங்கி ஓர் உறையை நீட்டினார். செங்கா அதை வாங்கவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. மறுபடி அவன் கழுத்தைப் பார்த்தாள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. புரோஸியின் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டுக்காரர்கள்கூட மேளத்தில் கையை வைத்தபடி நின்றுவிட்டார்கள்.

அந்த அமைதியில் என் தம்பியின் வயிறு கத்தியது.

சின்னச் சத்தம் இல்லை. கர்ரென்று ஆரம்பித்து, நீளமாக இழுத்து, கடைசியில் ஒரு கேள்வி கேட்கிற மாதிரி முடிந்தது. பந்தல் கடைசி வரை கேட்டிருக்கும். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது.

செங்கா குனிந்தாள். "என்னது அது?"

அவன் பேச முடியாது. வியர்வை மட்டும் வழிந்தது.

"பசியா?"

அவன் தலையை ஆட்டினான். கண்ணில் நீர் நின்றது.

"காலைல என்ன சாப்பிட்டே?"

அவன் என்னைப் பார்த்தான். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். "ஒண்ணும் சாப்பிடல செங்கா! பாவி நாந்தான் குடுக்கல!"

"பெண்கள் பக்கம் வாயை மூடவும்!" என்று எங்கள் பேச்சாளரே என்னை அதட்டினார்.

செங்கா என்னைப் பார்க்கவே இல்லை. என் தம்பியின் வலக்கையை எடுத்துத் திருப்பி, கறுத்த உள்ளங்கையைப் பார்த்தாள். அதை விட்டுவிட்டுத் தோளில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. விரல்கள் அழுத்தின. கோட்டு, அங்கி, ஸ்வெட்டர், இன்னொரு ஸ்வெட்டர், எல்லாம் தாண்டி அவள் விரல் எலும்பைத் தொட்டது எனக்குத் தெரிந்தது. மாட்டிவிட்டவள் நான் அல்லவா. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். பந்தல் கூரை அதிரக் கத்தினாள்:

"ஒகெஸ்ஸே! உடம்பு போட்டுட்டான் பாருங்க என் மாப்பிள்ள!"

பூவைக் குத்தினாள். கூட்டம் குலவையிட்டது. புரோஸி எங்கேயோ உள்ளே விம்மியது எனக்குக் கேட்டது. அப்பாக்காரர் தங்கையின் முகத்தையே பார்த்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பரிமாறும்போது செங்கா என்னைக் கொட்டகைப் பக்கம் இழுத்துப் போனாள். "அவனுக்கு அந்த ஸ்வெட்டர முதல்ல கழட்டி விடு. சுருண்டு விழுந்து என் பேரைக் கெடுத்துடப் போறான்."

நான் நகரப் பார்த்தேன், அவள் கையை விடவில்லை.

"என் அண்ணன்மார் நிறைய பேரு. இப்ப மிச்சம் இவன் ஒருத்தன்தான்," என்று புரோஸியின் அப்பா பக்கம் மோவாயைக் காட்டினாள். "மத்தவங்க அந்த நோயில போனப்ப நாந்தான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டேன். எதச் சமைச்சுக் குடுத்தாலும் வேணாம்பாங்க. ஒருத்தன் வயிறாவது இந்த மாதிரி ஒரு சத்தம் போடாதான்னு எத்தன நாள் காது குடுத்துக் கேட்டிருப்பேன். ஒருத்தன் வயித்துலேர்ந்தும் கேக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போ, போய்ச் சோறு போடு."

போனேன். ஸ்வெட்டர்களைக் கழற்றிவிட்டு, குழம்புச் சட்டியோடு திரும்பி வந்தபோது என் தம்பி, வாழை இலையில் முகத்தைப் புதைக்காத குறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போசா தன் பங்குக் கோழித்துண்டையும் அவன் பக்கம் தள்ளிவிட்டிருந்தான். பூ குத்தியாயிற்று, இனி மாப்பிள்ளை பேசலாம். எல்லாரும் அவன் என்ன பேசப் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்து என்னைத் தேடினான்.

"கடலைக்குழம்பு இன்னும் கொஞ்சம், அக்கா."

கரண்டி என் கையில் இருந்தது. ஊற்றத்தான் போனேன்; அவன் முகத்தையே பார்த்ததில் பாதி அவன் வெள்ளை அங்கியில் கொட்டிவிட்டது.